பழைய பேய்ப் படங்கள், பழைய விஞ்ஞானப் படங்கள், பழைய சீரியல்கள்: இன்னொரு தடவை எப்படிப் பார்ப்பது? முழு வழிகாட்டி

போன மீன்பிடித் தடைக்காலத்தில், மே மாதத்து ராத்திரி ஒன்றில், பாம்பனில் எங்கள் வீட்டு முற்றத்தில் வெள்ளைத் துணி கட்டி 1954-ல் வந்த ஜப்பானியப் படமான காட்ஸில்லாவைப் போட்டேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது என்பதால் அண்ணன், மச்சான், எதிர்வீட்டுக்காரர் என்று ஆண்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தார்கள். படம் தொடங்கிய சில நிமிஷத்திலேயே ஒரு கப்பல் கடலில் காணாமல் போகும். மாலுமிகளின் குடும்பத்தார் கப்பல் கம்பெனி ஆபீஸில் குவிந்து, யாராவது தப்பித்தார்களா என்று முண்டியடித்துக் கேட்பார்கள். அதுவரை கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து கிடந்த அப்பா, 78 வயது, எழுந்து உட்கார்ந்துவிட்டார். ராட்சத விலங்கு அப்போது திரைக்கே வரவில்லை.

அதே படத்தை அதற்கு இரண்டு வருஷம் முன்னால் நான் பஸ்ஸில் போகும்போது செல்போனில் பார்த்திருக்கிறேன். ரப்பர் உடுப்பு போட்ட ஒருத்தர் பொம்மை வீடுகளை மிதிக்கிறார் என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. படம் ஒன்றேதான், பார்த்த விதம்தான் வேறு. பழைய திகில் படத்தையோ விஞ்ஞானப் படத்தையோ மறுபடி பார்த்துவிட்டு 'இதுக்கா அன்னைக்குப் பயந்தோம்' என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் அதை வெளிச்சத்தில், தனியாக, மோசமான பிரதியில், பாதிக் கவனத்தோடு பார்த்தவர்கள். அப்படிப் பார்க்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஏழெட்டு வருஷமாக முயன்று பார்த்துக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: ஞாபகத்தில் கிடப்பதைத் தோண்டி எடுங்கள்

உலகத்தில் சிறந்த நூறு படங்கள் மாதிரி யாரோ போட்ட பட்டியலில் தொடங்காதீர்கள். உங்களுக்குள் ஏற்கெனவே கிடப்பதில் தொடங்குங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் நாலு வரி எழுதினால் போதும்: எங்கே பார்த்தோம், யார் கூட இருந்தார்கள், கறுப்பு வெள்ளையா கலரா, எந்தக் காட்சி கண்ணில் நிற்கிறது. பெயர் தெரிய வேண்டியதே இல்லை.

எங்கள் கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஞாபகம் மூன்று வழியாக வந்திருக்கும். ஒன்று, ரூபவாஹினி. 1982-ல் இலங்கையில் அந்த டிவி தொடங்கிய பிறகு, இங்கே சென்னை நிலையம் புள்ளி புள்ளியாகத் தெரிந்த காலத்தில், கடலுக்கு அந்தப் பக்கத்துப் படம் பளிச்சென்று விழும். அதன் கோபுரம் அந்த நாட்டிலேயே உயரமான பிதுருதலாகலை மலையில் இருந்தது, நடுவில் மறிக்க அதைவிட உயரமானது எதுவும் கிடையாது, தாழ்ந்த நிலமும் கடலும்தான். அதிலும் காற்று அடங்கிய கோடை ராத்திரியில் கடலுக்கு மேலே இருக்கும் காற்றடுக்குகள் அலைவரிசையை வளைத்து இன்னும் தூரம் கொண்டுவரும். சித்தப்பா சவுக்குக் கம்பின் உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கீழே நின்று திருப்புவார், உள்ளே இருந்து நாங்கள் 'இன்னும் தென்கிழக்கே, ஆங், நில்லு, நில்லு' என்று கத்துவோம். அடியில் சிங்கள எழுத்து ஓட, என்ன பேசுகிறார்கள் என்று புரியாமலே இங்கிலீஷ் தொடர்கள் பார்த்தோம். இரண்டாவது, வீடியோ கேஸட் ஓட்டும் டெக். வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து விடிய விடிய மூன்று படம். மூன்றாவது, கேபிளும் சன் டிவியும் வந்த 90-கள்.

எனக்குப் பெரிய புதையல் கிடைத்தது டெக்கில்தான். ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கிப் படித்தபோது கூடப் படித்த கீழக்கரைப் பையன் ஒருவன் லீவுக்கு வீட்டுக்குக் கூட்டிப் போனான். அவன் வாப்பா துபாயில் இருந்த சபராளி, வரும்போதெல்லாம் கேஸட் கொண்டுவருவார். உம்மா தட்டில் தொதல் வைத்துக் கொடுக்க, மூடிய அறையில் ஒரு ராட்சதப் பல்லி ஊரை எரிப்பதைப் பார்த்தோம். படம் முடிந்து கேஸட்டில் மிச்சம் இருந்த இடத்தில் யாரோ டிவியிலிருந்து பதிந்து வைத்த அரை மணி நேரக் கதை ஒன்று ஓடியது. ஒரு தெருவில் கரண்ட் போய்விடும், வண்டி எதுவும் ஸ்டார்ட் ஆகாது, ஒருத்தர் கார் மட்டும் தானாக உறுமும், அக்கம்பக்கத்துக்காரர்கள் அவரை முறைத்துப் பார்க்கத் தொடங்குவார்கள். அந்த முறைப்பு முப்பது வருஷம் என்னை விடவில்லை.

இப்படிப் பெயர் தெரியாத ஒன்றைத் தேடும்போது கதையைத் தேடாதீர்கள், காட்சியைத் தேடுங்கள். 'பழைய விஞ்ஞானத் தொடர்' என்று தேடினால் கடலில் ஊசி தேடுகிற கதைதான். 'தெருவில் கரண்ட் போகும், பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகப்படுவார்கள், கறுப்பு வெள்ளை' என்று அப்படியே இங்கிலீஷில் தட்டினேன், ஒரே நிமிஷத்தில் வந்தது: ராட் செர்லிங் உருவாக்கிய தி ட்வைலைட் ஸோன் தொடரில் 1960-ல் வந்த 'தி மான்ஸ்டர்ஸ் ஆர் ட்யூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்'. ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள், ஞாபகம் இரண்டு மூன்று படங்களை ஒட்டித் தைத்து வைத்திருக்கும். தேடிக் கிடைக்கவில்லை என்றால் காட்சியை இரண்டாகப் பிரித்துத் தேடுங்கள்.

இரண்டாவது படி: ஒரு நூலைப் பிடியுங்கள்

வருஷ வரிசையில் பார்க்கத் தொடங்கினால் மூன்றாவது ஊமைப் படத்தில் வீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், நான் பட்டு அறிந்தது. அதைவிட ஒரு பயத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பயத்தைத் தொட்ட நாலு படங்களைக் கோத்துப் பாருங்கள்.

எங்கள் ஊருக்குக் கடல்தான் முதல் நூல். காட்ஸில்லாவில் ஆரம்பிக்கலாம். அந்தப் படம் ஏன் கப்பலும் மீன்பிடித் தீவுமாகத் தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டால் படமே வேறாகிவிடும். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அப்போது சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின் மேல் கதிர்வீச்சுச் சாம்பல் கொட்டியது. படகின் பெயர் தாய்கோ ஃபுகுரியு மாரு, அதிர்ஷ்ட டிராகன் ஐந்து என்று அர்த்தம். 23 பேர் இருந்தார்கள். எட்டு மாதத்தில், நவம்பர் 3-ல் படம் தியேட்டருக்கு வந்துவிட்டது. கப்பலின் மேல்தட்டில் மாலுமிகள் இளைப்பாறிக்கொண்டிருக்கும்போது கடல் திடீரென்று வெளிச்சமாகும் அந்த முதல் காட்சியை ஜப்பானில் பார்த்தவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அப்புறம் ஓடோ தீவு. வலையில் மீன்பாடே இல்லை என்றதும் ஒரு கிழவர் இது காட்ஸில்லாவின் வேலை என்கிறார், இளசுகள் அவரை மதிப்பதில்லை. எங்கள் முற்றத்தில் அந்த இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து ஹிட்ச்காக்கின் தி பேர்ட்ஸ், 1963. கடலோர ஊர் ஒன்றில் பறவைகள் மனிதரைத் தாக்கத் தொடங்கும், காரணமே சொல்லப்படாது. கடல் காக்கா கூட்டத்தைத் தினமும் பார்க்கிற ஆளுக்கு இது வேலை செய்யும். இந்த நூலை ஜாஸ், 1975-இல் முடியுங்கள். அதற்காகச் செய்த இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் ஓயாமல் பழுதானதால்தான் ஸ்பீல்பெர்க் சுறாவைக் காட்டாமல், மிதவையையும் இசையையும் வைத்துப் பாதிப் படத்தை ஓட்ட வேண்டி வந்தது. உப்பு எதையெல்லாம் தின்னும் என்று தெரிந்த எங்கள் ஊர் இன்ஜின் மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, 'கடல்ல இறக்கினா வேற என்ன ஆகும்' என்று தலையாட்டினார்.

இரண்டாவது நூல், பக்கத்து வீட்டுக்காரர் மேல் வரும் பயம். மேலே சொன்ன அந்த அரை மணி நேரக் கதையையும், ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக உருவம் மாறாமல் ஆள் மாறிப்போகும் 1956-ன் இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே ராத்திரிக்குப் போதும்.

மூன்றாவது, விஞ்ஞானி செய்த தப்பு. ஃப்ராங்கன்ஸ்டைன் 1931, தி இன்விஸிபிள் மேன் 1933. இரண்டையும் இயக்கியவர் ஜேம்ஸ் வேல். இரண்டுமே ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடியும். இதோடு தமிழில் 1989-ல் வேலு பிரபாகரன் எடுத்த நாளைய மனிதனைச் சேர்த்துப் பார்க்கலாம், செத்தவனை எழுப்ப மருந்து கண்டுபிடிக்கும் டாக்டர் கதை. அதற்கு அடுத்த வருஷமே அதிசய மனிதன் என்று இரண்டாம் பாகமும் வந்தது. செலவு கம்மி என்பது தெரியும், ஆனாலும் அந்தக் காலத்தில் அப்படி ஒரு கதையை எடுத்த துணிச்சலுக்காகவே நான் அதை மதிக்கிறேன்.

நான்காவது, நம்முடைய பழைய தமிழ்ப் படங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த காடு படத்தில் யானைகளுக்கு ரோமம் போர்த்தி அழிந்துபோன மம்மூத் ஆக்கியிருப்பார்கள். 1963-ல் வந்த கலை அரசியில் வேறு கிரகத்துக்காரர்கள் பூமியில் நன்றாகப் பாடும் பெண்ணைத் தங்கள் கிரகத்துக்குச் சங்கீதம் சொல்லித்தரத் தூக்கிப்போவார்கள். எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது. வேற்றுக்கிரகத்தான் பூமிக்கு வந்தால் தங்கமோ தண்ணீரோ கேட்காமல் பாட்டுக் கேட்பான் என்று யோசித்தது எவ்வளவு அழகு! அதே 1963-ல் ஸ்ரீதரின் நெஞ்சம் மறப்பதில்லை. முன்ஜென்மக் கதை. நம்பியாரின் கிழட்டு ஜமீன்தார் வேஷத்துக்காகவும் வின்சென்ட்டின் கேமராவுக்காகவும் இருட்டில்தான் பார்க்க வேண்டும், பகலில் போட்டீர்கள் என்றால் பாவம் பண்ணியவர் ஆவீர்கள். வோ கௌன் தீ என்ற இந்திப் படத்தைத் தழுவிய யார் நீ, 1966, இதற்கு அடுத்து வைக்கலாம்.

மூன்றாவது படி: சரியான பிரதியைத் தேடுங்கள்

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரே பெயரில் நாலு விதப் பிரதி கிடக்கும்.

கீழக்கரையில் நான் பார்த்த காட்ஸில்லா கேஸட்டில் ஒரு அமெரிக்க நிருபர் வந்து கதை சொல்வார். பல வருஷம் கழித்து மூலப் படத்தைப் போட்டால் அந்த ஆளே இல்லை! விசாரித்தபோதுதான் தெரிந்தது, அமெரிக்காக்காரர்கள் 1956-ல் ரேமண்ட் பர் என்ற நடிகரை வைத்துப் புதிதாகக் காட்சிகள் எடுத்து நடுவில் சொருகி, ஜப்பானியக் காட்சிகள் நிறையவற்றை வெட்டி 80 நிமிஷமாக வெளியிட்டிருக்கிறார்கள். மூலம் 96 நிமிஷம். ஆகவே முதலில் நேரத்தைப் பாருங்கள். படத்தின் சரியான ஓடும் நேரம் என்ன, கையில் இருப்பது எவ்வளவு ஓடுகிறது என்று ஒப்பிட்டாலே பாதித் தப்பு பிடிபட்டுவிடும்.

ஊமைப் படங்களில் நிறம் முக்கியம். 1922-ல் முர்னாவ் எடுத்த நோஸ்ஃபெராட்டு பேய்ப் படங்களுக்கெல்லாம் பாட்டன். அதில் ராத்திரிக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிலிமுக்கு நீலச் சாயம் ஏற்றி ராத்திரியாக்கினார்கள். சாயம் இல்லாத பிரதியைப் பார்த்தால் வெயில் பட்டால் அழிய வேண்டிய ரத்தக்காட்டேரிப் பிரபு பட்டப்பகலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பார், நமக்கு நம்பிக்கை போய்விடும். நீலமும் மஞ்சளுமாகச் சாயம் ஏற்றி மீட்டெடுத்த பிரதியைத்தான் போட வேண்டும். டிராகுலா கதை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி, கணவரின் கதையைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டு, பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவு போட்டும் தப்பிப் பிழைத்த படம் இது, அந்த மரியாதையாவது கொடுங்கள். மெட்ரோபோலிஸ் 1927 பார்க்கப் போகிறீர்கள் என்றால் 2010-ல் வெளியான மீட்புப் பிரதியைத் தேடுங்கள். தொலைந்துபோனது என்று நினைத்திருந்த சுமார் 25 நிமிஷம் 2008-ல் பியூனஸ் அயர்ஸில் கிடைத்து அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பின்னால் கலர் பூசியது, கம்ப்யூட்டர் வைத்து நொடிக்கு 60 ஃபிரேமாக வழுக்க வைத்தது, இந்த இரண்டையும் தொடாதீர்கள். நிழலை வைத்துச் செய்த வித்தை நிழல் போனால் போச்சு.

எங்கே கிடைக்கும்? நோஸ்ஃபெராட்டுவும் 1968-ன் நைட் ஆஃப் தி லிவிங் டெட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன. இரண்டாவது படத்துக்குக் கடைசி நேரத்தில் பெயர் மாற்றியபோது உரிமைக் குறிப்பைப் போட மறந்துவிட்டார்கள், அதனால் அமெரிக்காவில் அது பொதுச் சொத்தாகிவிட்டது. மற்றதற்குக் காசு கொடுத்து முறையாகப் பாருங்கள்.

வீட்டில் பழைய கேஸட் கிடந்தால் அவசரப்பட்டு டெக்கில் போடாதீர்கள். எங்கள் உப்புக் காற்றிலும் ஈரத்திலும் காந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கும். கேஸட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், நாடாச் சுருளில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதைப் போடவே கூடாது. நாடாவும் கெடும், டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கேஸட்டுக்கும் பரவும். அக்கா சன் டிவியிலிருந்து பதிந்து வைத்திருந்த சீரியல் கேஸட் ஒன்றை டிஜிட்டலாக மாற்றித் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தேன். பார்க்காமல் ஓட்டி, நாடாவைச் சல்லி சல்லியாகக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதில் நடுநடுவே அப்பத்தாவின் இருமல் சத்தம் இருந்தது, அப்பத்தா போய்ப் பல வருஷம் ஆயிற்று. அந்தக் கேஸட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை. கேஸட்டை நட்டுக்குத்தாக நிறுத்தி, முழுக்கச் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

நான்காவது படி: இருட்டு, திரை, சத்தம்

டிவியில் பார்ப்பதென்றால் இரண்டு மாற்றம் கட்டாயம். படத்தின் அளவை 4:3 அல்லது ஒரிஜினல் என்று வையுங்கள். அகல டிவியில் இழுத்துப் பார்த்தால் எல்லோர் முகமும் பூசணிக்காய் மாதிரி ஆகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை தெரிவது குறை இல்லை, படம் எடுத்த அளவே அதுதான். அப்புறம் அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் வசதியை அணையுங்கள், அது எல்லாப் படத்தையும் சீரியல் மாதிரி ஆக்கிவிடும்.

முற்றத்தில் புரொஜெக்டர் போடுவதானால் எங்கள் ஊரில் முதல் எதிரி கச்சான் காற்று. வெறும் துணியைக் கட்டினால் பாய் மாதிரி உப்பிவிடும், பேயின் முகம் இரண்டடி முன்னால் வந்துவிட்டுப் போகும். நான் செய்வது இது: துணியின் நாலு ஓரத்தையும் மடித்துத் தைத்து உள்ளே நைலான் கயிறு கோத்து, மேலே இரண்டு மூலையையும் இழுத்துக் கட்டி, கீழ் ஓரம் முழுக்க வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் தைத்துவிடுவேன். காற்று எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் சுவர் இருக்கும்படி திரையை வையுங்கள். புரொஜெக்டர் லென்ஸில் ஒரு மணி நேரத்தில் உப்புப் பனி படியும். இடைவேளையில் காய்ந்த மெல்லிய துணியால் துடைத்து, முடிந்ததும் மூடி போடுங்கள். ஈரத் துணி வேண்டாம்.

சத்தம்தான் பயத்தில் முக்கால்வாசி. செல்போன் ஸ்பீக்கரை நம்பாதீர்கள், சின்னதாக ஒரு பழைய ஹோம் தியேட்டர் பெட்டி இருந்தாலே போதும். காட்ஸில்லாவின் அந்த உறுமல், இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே பெரிய பாஸ் வாத்தியத்தின் தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் தேய்த்து எடுத்தது. அடித் தொண்டைச் சத்தம் கேட்கவில்லை என்றால் பாதிதான் பார்த்தீர்கள் என்று அர்த்தம். தி பேர்ட்ஸில் பின்னணி இசையே கிடையாது, எலெக்ட்ரானிக் கருவியில் உண்டாக்கிய பறவைச் சத்தமும் மௌனமும்தான். அந்தப் படத்துக்கு மட்டும் ஃபேனையும் அணைத்துவிடுவோம். தூரத்தில் நிஜக் கடல் இரையும், அது படத்தில் வருகிற சத்தமா வெளியே இருந்து வருகிறதா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கத் தோன்றும்.

கரண்ட் போனால்? இன்வெர்ட்டர் இருந்தாலும் உடனே போடாதீர்கள். மேப்பிள் ஸ்ட்ரீட் கதையைத் திரையிட்ட அன்று நிஜமாகவே தெருவில் கரண்ட் போய், எதிர்வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. அவரிடம் சோலார் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் அரை நிமிஷம் எல்லோரும் அந்த வீட்டையே பார்த்தோம்.

ஐந்தாவது படி: கூட யார் இருக்க வேண்டும்

தனியாகப் பார்க்காதீர்கள். இந்தப் படங்கள் கூட்டத்துக்காக எடுத்தவை, ஒருத்தர் மூச்சை இழுத்துப் பிடித்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஒட்டும். மூன்று தலைமுறை இருந்தால் நல்லது. முதலில் அரை மணி நேரக் கதை ஒன்று, அப்புறம் சாப்பாடு, பிறகு பெரிய படம், இந்த வரிசை எங்களுக்குச் சரிப்பட்டு வருகிறது. சுறாப்புட்டு செய்த அன்று ஜாஸ் போட்டோம், அம்மாவின் யோசனை அது.

சப்டைட்டில் படிக்க முடியாத பெரியவர்களுக்காக ஒருத்தரைக் கதை சொல்லியாக வையுங்கள். ஜப்பானில் ஊமைப் படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல பென்ஷி என்றே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்காகவே கூட்டம் வரும். எங்கள் வீட்டில் அண்ணன் மகள் அந்த வேலையைச் செய்கிறாள். பத்தாவது படிக்கிறாள், முன்கூட்டியே ஒரு தடவை பார்த்துவிட்டு, எந்த இடத்தில் பேசாமல் இருக்க வேண்டும் என்று குறித்து வைத்துக்கொள்கிறாள். 'சித்தப்பா, இந்த இடத்துல நான் வாயத் திறக்க மாட்டேன், நீங்களும் திறக்கக் கூடாது' என்று எனக்கு உத்தரவு வேறு.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் நைட் ஆஃப் தி லிவிங் டெட் வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு 1902-ல் மெலியேஸ் எடுத்த நிலாப் பயணம் போதும், கால் மணி நேரம்கூட வராது, நிலாவின் கண்ணில் ராக்கெட் குத்தும்போது குதிப்பார்கள்.

ஆறாவது படி: இரண்டு தடவை பாருங்கள்

முதல் தடவை ஒன்றும் படிக்காமல் பாருங்கள். இரண்டாவது தடவை எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்டு பாருங்கள். காட்ஸில்லா உடுப்புக்குள் இருந்தவர் ஹரூவோ நகாஜிமா, முதலில் செய்த உடுப்பு ஏறக்குறைய 100 கிலோ. அதைவிடக் கொஞ்சம் லேசாக அடுத்துச் செய்ததைத் தூக்கிக்கொண்டு விளக்குச் சூட்டில் நடந்த மனிதனின் தள்ளாட்டம்தான் திரையில் விலங்கின் நடையாகத் தெரிகிறது. தெரிந்துகொண்டால் பயம் போய்விடுமே என்றால், போகும்தான், அந்த இடத்தில் மரியாதை வந்து உட்காரும். எங்கள் வீட்டில் கடல்மேல் போகிறவர்கள் எல்லோரும் கைவேலை அறிந்தவர்கள். ஜாஸில் சுறாவின் மேல் பீப்பாய் கட்டி அலையவிடும் காட்சியை அப்பா மூன்று தடவை திருப்பிப் போடச் சொன்னார், தூண்டிலில் பெரிய மீன் பட்டால் அவர்களும் கயிறு விட்டுக் களைக்க வைத்துத்தான் இழுப்பார்களாம்.

ஏழாவது படி: சீரியலைச் சீரியலாகப் பாருங்கள்

மர்மதேசம் மாதிரித் தொடர்களை ஒரே நாளில் பத்து எபிசோடு பார்த்து வீணாக்காதீர்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கவிதாலயா தயாரித்து 90-களில் சன் டிவியில் வந்த தொடர் அது. வாரத்துக்கு ஒன்று என்று வந்ததால், நடுவில் இருந்த ஆறு நாளும் பள்ளிக்கூடத்திலும் குழாயடியிலும் அதைப் பற்றிப் பேசினோம், பாதிப் பயம் அந்தப் பேச்சில்தான் வளர்ந்தது. இப்போதும் வாரம் ஒரு நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மர்மதேசத்தில் ஒரு கதையான விடாது கருப்பு வரும்போது அப்பத்தா சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்காரும். குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்டதும் கை தானாகக் குவியும், விளம்பரம் வரும்வரை இறக்காது. எங்கள் பக்கம் புரவி எடுப்புக்கு மண்குதிரை சுமந்து போகிற ஊர்கள், கருப்பு இங்கே கதைக்காகக் கண்டுபிடித்த ஆள் இல்லை. அந்தத் தொடரில் நம்புகிறவருக்கும் கேள்வி கேட்கிறவருக்கும் நடுவே கடைசிவரை ஓடும் இழுபறி, வீட்டுக்குள்ளே அப்பத்தாவுக்கும் கல்லூரியில் படித்த சித்தப்பாவுக்கும் நடுவிலும் ஓடியது. இன்றைக்கு மறுபடி பார்க்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று கவனியுங்கள். எனக்குப் பக்கம் மாறியிருந்தது.

ஒரு வேண்டுகோள், தனுஷ்கோடி பற்றி

திகில் படம் பற்றிப் பேசினாலே வெளியூர் நண்பர்கள் 'தனுஷ்கோடியில ராத்திரி புரொஜெக்டர் போடலாமா' என்று கேட்கிறார்கள். சாயங்காலத்துக்கு மேல் அங்கே சுற்றுலா ஆட்களை விடுவதில்லை, அது ஒரு பக்கம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் அங்கே போனவர்கள் கதாபாத்திரங்கள் கிடையாது. பாம்பனிலிருந்து போன ரயிலோடு போனவர்களின் பிள்ளைகள் இன்னும் இந்தத் தீவில் இருக்கிறார்கள். இடிந்த மாதா கோயில் சுவரைக் காட்டிப் பின்னணியில் பேய்ச் சத்தம் போட்டு எடுக்கும் வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. படத்தைப் பார்க்க உங்கள் வீட்டு மொட்டைமாடி போதும்.

கடைசிப் படி: எழுதி வையுங்கள்

படம் முடிந்ததும் விளக்கைப் போடாமல் பத்து நிமிஷம் உட்காருங்கள். பேச்சு தானாக வரும், பெரியவர்கள் அப்போதுதான் வாய் திறப்பார்கள். அவர்கள் சொல்வதைச் செல்போனில் பதிந்தாலும் சரி, முதல் படியில் சொன்ன அதே நோட்டில் தேதி போட்டு எழுதினாலும் சரி.

காட்ஸில்லா முடிந்த அன்று எல்லோரும் எழுந்து போன பிறகும் அப்பா உட்கார்ந்தே இருந்தார். நிஜப் படகு ஒன்றின் கதையை வைத்து எடுத்தது என்று சொல்லியிருந்தேன், அதைத்தான் கேட்டார்.

"அந்த போட்ல எத்தனை பேர் தம்பி?"

"இருபத்து மூணு பேருப்பா."

"கரைக்கு வந்தாங்களா?"

வந்தார்கள், எல்லோருமே வந்தார்கள், ஆனால் ரேடியோ ஆபரேட்டர் ஒருத்தர் மட்டும் ஆறேழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார் என்றேன். பேர் என்ன என்றார். செல்போனில் பார்த்துச் சொன்னேன். நோட்டை வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, நாள் கிழமை போட்டு, படத்தின் பெயரை எழுதாமல் அந்தப் பெயரை மட்டும் கோணல் எழுத்தில் எழுதினார்: அய்கிச்சி குபோயாமா.